கூலிக்கு வயிற்றுவலி

பெரியம்மாவுக்கு டாக்டர்களைக் கண்டாலே இளக்காரம். நோயில் விழுந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து வந்த வெறுப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஐம்பத்தெட்டு வயதுவரை அவள் உடம்புக்கென்று ஒரு நாள் படுத்தது கிடையாது. வாரத்தில் மூன்று நாள், காலையிலிருந்து மாலைவரை, டாக்டர்கள் வரிசையாக வந்து அவள் முன்னால் உட்கார்ந்து வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ஊறிப்போன இளக்காரம்.

அவளுடைய வேலை அப்படி. வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே தொழில் பார்க்க வருகிறவர்களுக்கு லைசென்ஸ் பரீட்சை உண்டு. எழுத்துப் பரீட்சையில் தேறியவர்களை அடுத்தபடியாக ஒரு கட்டடத்துக்கு வரச் சொல்வார்கள். நீளமான நடை, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒரு நோயாளி, மூலையில் மார்க் போட அட்டையும் பேனாவுமாக ஒரு தேர்வாளர். மணி அடித்தால் டாக்டர் உள்ளே போக வேண்டும். விசாரித்து, தொட்டுப் பார்த்து, என்ன நோய், என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி மணி அடித்தால் எந்த வார்த்தையில் நிற்கிறாரோ அந்த வார்த்தையோடு எழுந்து அடுத்த அறைக்கு ஓட வேண்டும். நோயாளிகள் யாருக்கும் நோய் கிடையாது. எல்லோரும் கூலிக்கு நடிக்க வந்தவர்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி, ஒருவருக்கு மயக்கம், ஒரு பெண்ணுக்கு எப்போதும் அழுகை. பெரியம்மாவுக்கு வயிற்றுவலி. அங்கே அவளுக்குப் பெயரே வயிற்றுவலி அக்கா என்றாகிவிட்டது. தங்கை மகள் வாய்நிறையக் கூப்பிடுவது பெரியம்மா என்று. நாமும் அப்படியே சொல்வோம்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் பல வருஷம் ஒரு பஸ் கம்பெனியின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். மீசை முளைத்த பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து அரை டிக்கெட் கேட்ட அம்மாக்களையும், தலைக்குச் சாயம் அடித்த கையோடு முதியோர் சலுகை கேட்ட பெரிய மனிதர்களையும் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்து அவளுக்கு ஒரு தேர்ச்சி வந்திருந்தது. ஆள் வாயைத் திறப்பதற்குள் அவன் சொல்லப்போவது மெய்யா பொய்யா என்று சொல்லிவிடுவாள். கவுண்டரை எடுத்துவிட்டு மிஷின் வைத்தபோது அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். கணவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லை. சும்மா இருந்தால் சுவரோடுதான் பேச வேண்டும் என்று அவள் வேலை தேடியபோது அமைந்தது இது. நேர்முகத்தில், நடிக்க வருமா என்று கேட்டார்கள். கவுண்டரில் தினமும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தேனே, அதைவிடப் பெரிய நடிப்பா என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

வேலை ஒன்றும் லேசானதல்ல. வலி எந்தப் பக்கம், என்றைக்குத் தொடங்கியது, சாப்பிட்டால் கூடுமா குறையுமா என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். தானாகச் சொல்ல வேண்டியது, கேட்டால் சொல்ல வேண்டியது, மரியாதையாகக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது என்று மூன்று பங்கு. பெரியம்மாவுக்குப் பிடித்தது மூன்றாவது. முதல் டாக்டரிடம் எப்படி வலித்ததோ கடைசி டாக்டரிடமும் அப்படியே வலிக்க வேண்டும். மாலையில் அலுப்பில் வலது பக்க வலி இடது பக்கம் போய்விடக் கூடாது. ஒவ்வொருவர் போனபிறகும் நோயாளி ஒரு கேள்விக்கு மதிப்பெண் போட வேண்டும்: இந்த டாக்டரிடம் மறுபடி வருவீர்களா என்று. இங்கே நடப்பதை வெளியே மூச்சு விடக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். ஆகவே சொந்தத் தங்கையிடமே பெரியம்மா, ஏதோ ஒரு ஆபீஸில் ஃபைல் அடுக்குகிற வேலை என்று சொல்லி வைத்திருந்தாள்.

வருகிற டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் கோச்சிங் சென்டரில் பரிவு கற்றுக்கொண்டு வருகிறவர்கள். ஏனென்றால் பரிவுக்கு மார்க் உண்டு. கதவைத் தட்டுவார்கள், சிரிப்பார்கள், பெயர் சொல்வார்கள், கையைத் துடைத்துக்கொள்வார்கள், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். பிறகு அந்த வாக்கியம் வரும்: "உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது." பெரியம்மா இன்னும் வாயே திறந்திருக்க மாட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, மேஜைமேல் இருக்கிற டிஷ்யூ பெட்டி அவளை நோக்கி நகரும். எந்த சென்டரில் படித்தவர் என்பதைப் பெட்டி நகரும் தினுசை வைத்தே அவள் சொல்லிவிடுவாள். ஒரு சென்டர்க்காரர்கள் ஒரு விரலால் தள்ளுவார்கள், இன்னொரு சென்டர்க்காரர்கள் தூக்கிக் கொடுப்பார்கள். ஒருமுறை, வீட்டில் யார் யார் என்று ஒரு இளைஞன் கேட்க, எனக்கு ரெண்டு பசங்க என்று பாடத்தில் இருந்தபடி அவள் சொன்னாள். அதைக் கேட்க ரொம்ப வருத்தமா இருக்கு என்றான் அவன். அன்றைக்கு மூலையில் இருந்த தேர்வாளர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

இந்தப் பரீட்சையை ஏற்படுத்தியவர்கள் மேலும் அவளுக்கு மதிப்புக் கிடையாது. தலை நரைத்த ஒரு டாக்டர் அம்மா வந்தாள் ஒருநாள். ஊரில் ஆயிரம் பிரசவம் பார்த்திருப்பாள் போல. உள்ளே வந்ததும் வராததுமாகப் பெரியம்மாவின் கண் ரப்பையை இழுத்துப் பார்த்து, "என்னம்மா, காலையில என்ன சாப்பிட்ட?" என்றாள். பெரியம்மா கடகடவென்று மூன்று பங்கையும் கொட்டிவிட்டாள். டாக்டர் அம்மா தன் பெயரைச் சொல்லவில்லை, கை துடைக்கவில்லை, வருத்தப்படுகிறேன் என்றும் சொல்லவில்லை. மார்க் தண்ணீராக வடிந்துபோயிற்று. டிஷ்யூ தள்ளிய பயல்கள் தேறினார்கள்.

இது இப்படி இருக்க, அவள் தங்கை வீட்டில் ஒரு டாக்டர் முளைத்தான்.

தங்கைக்கு ஒரே மகள். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் ஒரு லேபில் வேலை. ஊசி குத்துவது தெரியாமல் குத்துவாள், அதிகம் பேச மாட்டாள். அவளுக்கு வெளிநாட்டில் படித்த டாக்டர் மாப்பிள்ளை கிடைத்ததும் தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளை வந்து இறங்கினான். லைசென்ஸ் வாங்குகிறவரை மாமியார் வீட்டில் தங்குவது என்று ஏற்பாடு. முன்னறையைக் காலி பண்ணி அவன் படிப்பதற்குக் கொடுத்தார்கள். குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் தங்கை ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். டெலிவிஷன் வாய் பேசாமல் படம் மட்டும் காட்டியது. தங்கையின் கணவர் தும்மல் வந்தால் மாடிக்குப் போனார். எழுத்துப் பரீட்சையில் மாப்பிள்ளை தேறினான். செய்முறையில் முதல் தடவை போச்சு. இரண்டாம் தடவையும் போச்சு. பெண்டாட்டி சம்பளத்தில் குடும்பம் நடந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசக் கூடாது.

பெரியம்மா வாரம் ஒருமுறை தங்கை வீட்டுக்குப் போவாள். மாப்பிள்ளை அவளை ஒரு நாற்காலியைப் பார்ப்பதுபோல் பார்ப்பான். வாங்க என்று ஒரு வார்த்தை, எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை, நாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து உதிர்ந்ததில்லை. அத்தை என்று முறை சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. அவள் ஏதாவது கேட்டால் பதிலைத் தங்கையைப் பார்த்துச் சொல்வான்.

இரண்டாம் தடவை தோற்ற சமயம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை மெல்ல, கேள்வி கஷ்டமா மாப்பிள்ளை என்று ஆரம்பித்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

"கேள்வியெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு மார்க் போடறது யாரு தெரியுமா? தினக்கூலிக்கு வர்ற கூத்தாடிங்க. எழுதப் படிக்கத் தெரியாததுங்க. அதுங்க மூஞ்சியப் பாத்து நான் பல்ல இளிக்கணும். அதான் இந்த ஊர்ல வைத்தியம்."

தங்கை உச்சுக்கொட்டினாள். அவள் கணவர் தலையாட்டினார். மகள் தட்டிலேயே கண்ணாக இருந்தாள். பெரியம்மா, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு நன்றாகவே பசித்தது. இவன் எப்படித் தோற்றான் என்பதை யாரும் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூன்றாம் தடவைக்கு இன்னும் இரண்டு மாதம் இருப்பதாக அவன் வீட்டில் சொல்லியிருந்தான். அது பொய். தோற்றால் யார் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்று தேதியை மறைத்திருந்தான். பெண்டாட்டிக்கும் தெரியாது. நண்பனைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு வெள்ளைச் சட்டையைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

பெரியம்மாவுக்கு அன்று காலைப் பங்குதான். பரீட்சைக்கு வருகிறவர்கள் பெயரைக் காலையிலேயே நோயாளிகளிடம் காட்டி, இதில் தெரிந்தவர்கள் யாராவது உண்டா என்று கேட்பது வழக்கம். உண்டென்றால் ஆளை வேறு அறைக்கு மாற்றுவார்கள். காலைப் பெயர்களில் யாரும் இல்லை. வேலை முடிந்து அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வை பார்க்கும் அம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள். எதிர்ப் பக்கத்தில் வயிற்றுவலிக்குப் படுக்க வேண்டியவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டதாம். கதை அதே கதைதான், மத்தியானத்துக்கும் இருந்து கொடுங்கள் என்று கெஞ்சினாள். பெரியம்மா சரி என்றாள். அவசரத்தில் மத்தியானப் பெயர்களை அவளும் கேட்கவில்லை, அந்த அம்மாவும் காட்டவில்லை. அங்கியைப் போர்த்திக்கொண்டு, கட்டிலில் புதிதாக விரித்திருந்த காகிதம் சரசரக்க ஏறிப் படுத்தாள்.

மூன்று பேர் வந்து போனார்கள். மூன்று பேருக்கும் அவள் கஷ்டம் புரிந்தது. நாலாவது மணிக்குக் கதவு தட்டப்பட்டது. உள்ளே வந்தவன் மாப்பிள்ளை.

அவன் முகம் வெளுத்துப்போனதைப் பெரியம்மா பார்த்தாள். மூலையில் இருந்த தேர்வாளர், வழுக்கைத் தலை மனிதர், அட்டையில் முந்தின டாக்டரைப் பற்றி எழுதி முடித்துக்கொண்டிருந்தார். இவரை எனக்குத் தெரியும் என்று இரண்டு பேரில் யார் ஒருவர் சொல்லியிருந்தாலும் அதோடு முடிந்திருக்கும். அவனை வேறு நோயாளியிடம் அனுப்பியிருப்பார்கள். சொல்வதற்குத்தான் பெரியம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சுதாரித்துக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த கண்டக்டர் இருக்கிற வண்டியில் ஏறிவிட்டவனின் சிரிப்பு அது. டிக்கெட் எடுக்க வேண்டாம் என்கிற சிரிப்பு.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வா, பார்க்கலாம் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

அவன் பெயர் சொன்னான், கை துடைத்தான், நாற்காலியை இழுத்துப் போட்டான். தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு என்ன பண்ணுது?"

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். கண்ணைப் பார்த்தே கேட்டான். ஒரு நொடி பெரியம்மாவுக்குத் தொண்டையை அடைத்தது. தனியாக இருக்கிறவள்தானே, யாராவது கேட்டால் தொண்டை அடைக்கத்தான் செய்யும். அடுத்த நொடி, இதற்குப் போய் அடைக்கிறதே என்று அந்தத் தொண்டை மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

வயிறு எரிகிறது டாக்டர், ஒரு வாரமாக என்று தன் பாடத்தைத் தொடங்கினாள். கதைப்படி அவள் முட்டிவலிக்காக மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்குகிறவள். அதில் வயிறு புண்ணாகி உள்ளே ரத்தம் கசிகிறது. மலம் கறுப்பாகப் போகிறது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். மாப்பிள்ளை கேட்கவில்லை. கோச்சிங்கில் ஒப்பித்ததை அடுக்கினான். எப்பருந்து வலிக்குது, எங்க வலிக்குது, பத்துக்கு எவ்வளவு வலின்னு சொல்லுவீங்க. பதிலுக்குக் காத்திராமல் அடுத்த கேள்விக்குத் தாவினான். நடுவில் ஒருமுறை அவள் கஷ்டம் அவனுக்குப் புரிந்தது. டிஷ்யூ பெட்டி ஒரு விரலால் நகர்ந்து வந்தது.

வயிற்றைத் தொட்டுப் பார்க்க எழுந்தான். கை ஐஸ்கட்டியாக இருந்தது. தேர்வாளருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். குனிந்தபடியே, உதடு அசையாமல் சொன்னான்.

"அத்தை, என்ன வியாதின்னு மட்டும் சொல்லிடுங்க."

அத்தையாம். பெரியம்மா மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு அறை முழுக்கக் கேட்கிற குரலில், "என்ன டாக்டர், காதுல சரியா விழல" என்றாள்.

தேர்வாளர் தலையைத் தூக்கினார்.

"மூச்ச நல்லா இழுத்து விடுங்கன்னு சொன்னேம்மா" என்றான் மாப்பிள்ளை.

அவள் இழுத்து விட்டாள். அதற்குப் பிறகு அவனுக்கு எதுவும் ஓடவில்லை. நெற்றியில் வேர்வை நின்றது. பித்தப்பையில் கல் இருக்கலாம், எண்ணெய்ப் பண்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று முடித்தான். கடைசியில் நோயாளி ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பது விதி. பெரியம்மா கேட்டாள்.

"பயப்படுற மாதிரி ஏதாவதா டாக்டர்?"

"சேச்சே, ஒண்ணுமே இல்லம்மா. நிம்மதியாப் போய்த் தூங்குங்க."

மணி அடித்தது. உள்ளே ரத்தம் கசிகிறவளைத் தூங்கச் சொல்லிவிட்டு மாப்பிள்ளை அடுத்த அறைக்கு ஓடினான்.

மதிப்பெண் போடப் பேனா அவள் கையில் இருந்தது. இந்த டாக்டரிடம் மறுபடி வருவீர்களா? பேனாவைக் கீழே வைத்தாள்.

"சார், இப்பப் போனாரே, அவரு என் தங்கச்சி பொண்ணோட வீட்டுக்காரர்."

வழுக்கைத் தலை மனிதர் கண்ணாடியைக் கழற்றினார். "இத முன்னாடியே சொல்லிருக்கணும்ல?"

"சொல்லிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"எப்படிக் கேப்பாருன்னு பாக்கணும்னு தோணிடுச்சு."

மேற்பார்வை அம்மா வந்தாள், அவளுக்கு மேலே ஒருவர் வந்தார், பெரியம்மாவை ஒரு தனியறையில் உட்கார வைத்து விசாரித்தார்கள். அவர் உங்களிடம் உதவி ஏதும் கேட்டாரா என்றார்கள். கேட்டார் என்று சொன்னால் மாப்பிள்ளை இந்த ஜென்மத்தில் லைசென்ஸ் வாங்க முடியாது. பெரியம்மாவுக்குத் தட்டிலேயே கண்ணாக உட்கார்ந்திருந்த தங்கை மகள் நினைவுக்கு வந்தாள். வருகிறவன் போகிறவன் பொய்யையெல்லாம் கண்டுபிடித்தவள், அன்றைக்குத் தானே ஒன்று சொன்னாள். மூச்சை இழுத்து விடச் சொன்னார், அவ்வளவுதான் என்றாள். எழுதிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் பரீட்சை செல்லாது, அடுத்த முறை வேறு ஊரில் எழுதிக்கொள்ளலாம் என்று தீர்ப்பானது. பெரியம்மா இனிமேல் வர வேண்டாம் என்றும் தீர்ப்பானது. அங்கியை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.

வீட்டில் மாப்பிள்ளை வேறு கதை சொன்னான். இந்தத் தடவை பிரமாதமாகச் செய்துகொண்டிருந்தானாம், இந்தப் பொம்பளை வேண்டுமென்றே வந்து படுத்துக்கொண்டு கெடுத்துவிட்டாளாம். தேதியை மறைத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. தங்கை போனில் குதித்தாள்.

"என் பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா. கூடப் பொறந்தவ செய்யிற வேலையா இது?"

பெரியம்மா போனை வைத்துவிட்டாள். தங்கைக்கு விளக்குவதும் அந்த வீட்டு டெலிவிஷனுக்கு விளக்குவதும் ஒன்று என்று அவளுக்குப் பட்டது.

தங்கை மகள் மட்டும் லேபிலிருந்து நேராக வந்தாள். கைப்பையை மடியில் வைத்தபடி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, அவரு எப்படிப் பண்ணாரு?"

"எதுக்கு அது இப்ப?"

"சும்மா சொல்லுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பெரியம்மா யோசித்தாள். நோயைத் தவறவிட்டதைச் சொல்லலாம். அது யாருக்கும் நடக்கும். "வயித்துல கை வெச்சாரு. கை ஜில்லுனு இருந்துச்சு. ரெண்டு கையையும் தேய்ச்சு சூடு பண்ணிட்டுத் தொடணும்னு தோணல அவருக்கு" என்றாள்.

தங்கை மகள் டீயை எடுத்துக் குடித்தாள். "வீட்லயும் அப்படித்தான்" என்றாள்.

டம்ளரைக் காலி செய்துவிட்டு, "உங்ககிட்ட உதவி கேட்டாரா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"நல்லாத்தான் நடிக்கிறீங்க பெரியம்மா." சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

மாப்பிள்ளை அடுத்த முறை தேறினான். வேறு ஊர், வேறு வயிற்றுவலி. அதுவும் எப்படி, நோயாளிகள் போடும் மதிப்பெண்ணில் அவனுக்குத்தான் அந்த வருஷம் முதலிடமாம். கண்ணாடி முன் நின்று தினமும் பழகினான் என்று தங்கை தெரு முழுக்கப் பெருமை பேசினாள். வேலைக்கு உத்தரவு வருகிறவரை அவன் படித்த கோச்சிங் சென்டரே அவனைக் கூப்பிட்டு, புதிதாக வருகிறவர்களுக்குப் பரிவு சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக்கியது. இதைக் கேட்டபோது பெரியம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். தூரத்தில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் அவனுக்கு வேலை கிடைத்தது. தங்கை மகள் லேபில் சொல்லிவிட்டு அவனோடு கிளம்பினாள். போகத்தான் வேண்டுமா என்று பெரியம்மா கேட்டதற்கு, "போய்ப் பாக்குறேன். சரிப்படலன்னா வரேன்" என்றாள். இந்தப் பெண்ணுக்கும் முதுகெலும்பு கிடையாது என்று பெரியம்மா நினைத்தாள். நினைத்ததோடு சரி, ரயிலுக்கு வேண்டிய சாப்பாட்டைக் கட்டிக்கொடுத்தாள்.

பெரியம்மாவுக்கு ஒரு நர்ஸ் பள்ளியில் படுக்கிற வேலை கிடைத்தது. கட்டுப் போடவும் ஆளைப் புரட்டவும் பழகுகிற பெண்களுக்கு ஒரு உடம்பு வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே புரட்டுவார்கள், கட்டிலிலிருந்து கீழே தள்ளப் பார்ப்பார்கள். பெரியம்மா வைதுகொண்டே கிடந்தாள். கூலி குறைவு. ஆனால் யாருக்கும் அவள் கஷ்டம் புரியவில்லை. அது ஒரு நிம்மதி.

எட்டு மாதம் பேசாமல் இருந்த தங்கை ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். முகம் வீங்கினாற்போல் இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னாள். கொஞ்ச நாளாகத் தலை சுற்றுகிறதாம், படி ஏறினால் கண் இருட்டுகிறதாம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டாயா என்று பெரியம்மா கேட்டாள். மூன்று தடவை போட்டதாகவும், ஒரு தடவை எடுத்ததாகவும், பக்கத்தில் எந்த டாக்டரையாவது பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டதாகவும் தங்கை சொன்னாள். பாவம், அங்கே கூட்டமாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

பெரியம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். தங்கையை எழுப்பிக் கூட்டிக்கொண்டு தெருக்கோடி கிளினிக்குக்குப் போனாள். மருந்து விற்பனைக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே போய்வந்த பிறகு இவர்களைக் கூப்பிட்டார்கள். டாக்டர் இந்த ஊர்க்காரர், இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர். இவரிடம் யாரும் பரிவுக்குப் பரீட்சை வைத்ததில்லை என்பது அவர் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. கம்ப்யூட்டரைப் பார்த்தபடி வயது கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என்ன பண்ணுது என்றார். தலை சுத்துது டாக்டர் என்று தங்கை தொடங்கினாள். அவள் அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் பிரிண்டர் மருந்துச் சீட்டைத் துப்பியது.

பெரியம்மா அந்தச் சீட்டை எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"டாக்டர், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. பேசுறது இவ."

அவர் திரும்பினார். கோபமாகத்தான் திரும்பினார். கவுண்டரில் சில்லறை கேட்டுச் சண்டை போட வந்தவர்களைப் பெரியம்மா எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிறிது நேரத்தில் அவர் நாற்காலியையும் திருப்பினார்.

"சரி, சொல்லுங்கம்மா. எப்பருந்து இப்படி இருக்கு?"

தங்கை அக்காவைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மகள் ரயிலேறிய நாளிலிருந்து ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வந்து இறங்கியது, முன்னறை, குக்கர் விசில், போன் எடுக்காதது என்று ஒன்றுவிடாமல் வந்தது. வாசலில் காத்திருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் நடுவில் ஒருமுறை பெரியம்மா பக்கம் திரும்பி, உதவிக்கு வரச் சொல்வதுபோல் பார்த்தார்.

பெரியம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தாள்.